தேயிலைத் தூரும் தலையெழுத்தும்

எளிதில் செல்வம் சேரும் என்று நம்பப்படும் ஊரைத் தெருவெல்லாம் பொன் பாவிய ஊர் என்று சொல்வது ஆங்கில வழக்கு. இலங்கை மலையகத்தில், ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தோட்டங்களில் வாழும் தமிழரிடையே அதற்கு நிகராக நிற்பது, தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற பேச்சு. தூர் என்பது செடியின் அடி. மாசி என்பது சம்பலுக்கு இடித்துச் சேர்க்கும் உலர்ந்த மீன். தமிழகக் கிராமங்களில் ஆள் திரட்டிய கங்காணிகள், அதாவது தோட்டத்துக்குத் தொழிலாளரைச் சேர்த்து அவர்களை மேய்த்த தலைவர்கள், இப்படி ஆசை காட்டினார்கள் என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் செய்தி.

வந்தபின் பட்ட துயரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, ஆசைப்பட்டு வந்தோம், எல்லாம் தலையெழுத்து என்ற விடையே லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அதிகம் கேட்டது. ஆசையே துன்பத்தின் வேர் என்று பௌத்தம் சொல்வதும் இதற்குத் துணைபோவதுபோலத் தோன்றலாம். ஆனால் அந்த வாக்குறுதியில் பொன் இல்லை, மாளிகை இல்லை. ஒரு வேளைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலுக்கு வேண்டியவை மட்டுமே இருந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை எண்ணிப் பார்த்தால், இவ்வளவு சிறிய பொருளைக் காட்டிக் கடல் கடக்கச் செய்ய முடிந்தது ஏன் என்பது விளங்கும். பசியைப் பேராசையின் கணக்கில் எழுதுவது பெரும் அநீதி.

வினைக் கொள்கை பேசும் சைவ சித்தாந்தத்தையே அளவுகோலாகக் கொண்டாலும் தலையெழுத்து என்ற விடை நிலைக்காது. முன்செய்து குவிந்த வினையைச் சஞ்சிதம் என்றும், அதில் இப்பிறப்பில் நுகர வந்ததைப் பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாக ஈட்டுவதை ஆகாமியம் என்றும் அது பகுக்கிறது. ஏமாந்தவரின் துயரைப் பிராரத்தம் என்று கொண்டாலும், ஏமாற்றியவர் ஈட்டிய ஆகாமியம் அதனால் அழிந்துவிடாது. தலையெழுத்து என்ற சொல் பிராரத்தத்தை மட்டும் பேசி, ஆகாமியத்தை மறைத்துவிடுகிறது.

மேலும், அந்த எழுத்தில் பெரும்பகுதி மனிதர் எழுதியது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் குறித்து, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவரை மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதுவும் விதி என்றே பலரால் தாங்கிக்கொள்ளப்பட்டது. எனினும் அது நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றப்பட்டது. அதன் விளைவை நீக்கவும் 1988இலும் 2003இலும் அதே நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.