முகமா? முகமூடியா?

“சார், இதுதான் நான்!” என்று கைப்பேசியை என்முன் நீட்டினான், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்யும் தொழிலாளி ஒருவரின் மகன், கருநிற மேனியன். திரையிலோ பாலொத்த மேனி, பொன்னிறக் கேசம், பெயர் அலெக்ஸ்! ‘ரோப்லாக்ஸ்’ என்னும் இணைய விளையாட்டுலகில் அவன் தனக்கென ஆக்கிக்கொண்ட உருவம் அது. அவ்வுருவில் அங்கே ஓடுகிறான், ஆடுகிறான், கோட்டை கட்டுகிறான்.

“உன்னைப் போல் இல்லையே?” என்றேன்.

“அதனால்தான் சார் பிடித்திருக்கிறது. அங்கே யாரும் ‘நீ எந்தத் தெரு?’ என்று கேட்கமாட்டார்கள்” என்றான்.

தோழர்களே! நம் ஊர்களில் அந்தக் கேள்வி முகவரி கேட்கும் கேள்வி அன்று. சாதி கேட்கும் கேள்வி. நேராகக் கேட்க நாக்கு நாணுகிறது. எனவே தெருவைச் சுற்றிவந்து கேட்கிறது. ‘பொய் வேடம் எதற்கு? அழித்துவிடு’ என்று அறிவுரை கூற வாயெடுத்த நான், அந்த மறுமொழி கேட்டு வாயடைத்து நின்றேன்.

இவ்வுருவங்களுக்கு ‘அவதார்’ என்று பெயர். வடமொழியின் ‘அவதாரம்’ மேலைநாடு சென்று, கணினிச் சொல்லாகித் திரும்பி வந்திருக்கிறது. புராணிகர் அதைத் தெய்வங்களுக்கே அளித்தனர்! இன்றோ கைப்பேசி வைத்திருப்போர்க்கெல்லாம் அவதாரம். தவம் வேண்டா, வரம் வேண்டா, விரல் போதும்!

இதில் மாயம் ஏதுமில்லை. நம் ஊர்த் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகளைப் பாருங்கள். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. அவ்வளவுதான் - அன்னமும் மயிலும் சேலையில் பிறந்துவிடுகின்றன! பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் தறிக்கு ஆக்கியளித்த அட்டை முறையைத்தான், இங்கிலாந்தின் பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். தந்தை பட்டில் உருவம் எழுப்புகிறார். மகன் ஒளியில் உருவம் எழுப்புகிறான். இரண்டும் மனித அறிவின் ஆக்கமே.

ஆகவே, உருவம் எவ்வாறு வந்தது என்பதில் புதிர் இல்லை. தனக்கு வேண்டிய உருவத்தைத் தானே தேர்ந்துகொள்வது உரிமையா, ஏமாற்றா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

‘இயற்கை தந்ததே மெய், ஏனையவை பொய்’ என்பர் சிலர். நிறத்தைத் தந்தது இயற்கை. நிறத்துக்கு இழிவைத் தந்தது யார்? உடலைத் தந்தது பிறப்பு. அந்த உடலின்மேல் சாதியை எழுதியது யார்? திருவிதாங்கூர் ஆட்சியில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், சாணார் குலப் பெண்கள் தோளை மறைத்துச் சேலை அணியவும் போராட வேண்டியிருந்தது. 1859இல் அரசு இணங்கியபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று வரம்பு கட்டிற்று. ஒருவர் எந்தத் தோற்றத்தில் தெருவில் நடக்கலாம் என்பதை மற்றவர் வகுத்த நாடு இது! இங்கே தன் தோற்றத்தைத் தானே தீர்மானிக்க விரும்பும் சிறுவனைப் பொய்யன் என்பது பொருந்துமா?

ஆக்கிய உருவம் என்பதாலேயே அது பொய்யாகிவிடுவதும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் திருமணம் ஒன்றின் வரவேற்பு, 2022 பிப்ரவரியில் இத்தகைய இணைய உலகில் நடந்தது. ஹாரி பாட்டர் கதையின் மந்திரப் பள்ளிபோல் அமைத்த மண்டபம். விருந்தினர் யாவரும் ஆக்கிய உருவங்களில் வந்தனர். மறைந்துபோன மணமகளின் தந்தையும் உருவமாக வந்து நின்றார்! ஆவி வந்தது என்று எவரும் நம்பவில்லை. அன்பு அழைத்து வந்த நினைவுச் சித்திரம் என்று அனைவரும் அறிந்திருந்தனர். அறிந்தே பார்ப்பதில் வஞ்சனை இல்லை.

புற உருவம் அகத்தையும் மாற்ற வல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யீ, பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நெடிய உருவம் அளிக்கப்பட்டோர் குறுகிய உருவம் பெற்றோரைவிடப் பேரத்தில் உறுதி காட்டினர். நிமிர்ந்த உருவம், நெஞ்சையும் நிமிர்த்துகிறது!

இதை நம் இயக்கம் கணினி வருமுன்பே கண்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலாகத் தொங்கிய சாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொல்லிற்று. பின்னர், இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். பிறர் இட்ட பெயரை நீக்கித் தாமே தேர்ந்த பெயரைத் தாங்கினர். அதுவும் தன்னுரு ஆக்கமன்றோ?

ஆம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் புதுப்பெயரைப் பட்டப்பகலில், நடுத்தெருவில், ஏளனத்தின் எதிரே தாங்கி நின்றனர். ‘நீ யார்?’ என்று கேட்டவனுக்கு, ‘நான் தேர்ந்தவன் நான், நீ விதித்தவன் அல்லேன்’ என்பது அந்தப் பெயரே கூறிய விடை. அலெக்ஸோ அந்தக் கேள்வி எட்டாத இடம் தேடி ஓடியவன். கேள்விக்கு அஞ்சி ஒளிவது முகமூடி. கேள்வியை மறுத்து நிற்பது முகம்.

ஓடியும் அவன் தப்பினானா? வெண்ணிறமே உயர்வென்றும், அயற்பெயரே அழகென்றும் தேர்ந்தானே - அந்த உயர்வு தாழ்வுக் கணக்கை அவனுக்குக் கற்பித்தது எது? அவன் விட்டு ஓடிய அதே தெரு! தெருவைக் கடந்தான், தெரு அவனைவிட்டு அகலவில்லை.

எனினும் குற்றம் அவன்மேல் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை ஒளிந்துகொள்கிறான் என்றால், ஒளியும்படி செய்தவர்களே நாணவேண்டும்.

மறுநாள் அவனிடம் கேட்டேன்: “அந்த உருவத்துக்கு உன் நிறத்தையே தந்தால் என்ன?”

சற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “தரலாம் சார். ஆனால், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களே, அதை யார் நிறுத்துவது?”

அலெக்ஸின் நிறத்தை மாற்ற அவன் விரல் போதும். அந்தக் கேள்வியை நிறுத்த அவன் ஒருவன் போதமாட்டான். வகுப்பில் நிற்கும் நான் வேண்டும். மன்றத்தில் பேசும் நீங்கள் வேண்டும். தேநீர்க் கடையில், திருமண வீட்டில், வாடகை வீட்டு வாயிலில், ‘எந்தத் தெரு?’ என்று எவர் கேட்டாலும், ‘எதற்குக் கேட்கிறீர்?’ என்று திருப்பிக் கேட்கும் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு நமக்கு வரும்வரை, தோழர்களே, அந்தச் சிறுவனிடம் முகமூடியைக் கழற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை!