ஆடிக் கூழும் ஆடித் தள்ளுபடியும்

ஆடி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரே தெருவில் இரண்டு அழைப்புகள் கேட்கும். ஒன்று அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் வருவது: ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறோம், பாத்திரம் எடுத்து வாருங்கள். இன்னொன்று ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் வருவது: புடவை, வேட்டி, சுடிதார் துணி, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மிதியடி எல்லாம் பாதி விலை. பாடியில் நிற்கும் சரவணா ஸ்டோர்ஸ் போன்ற பலமாடிக் கடை முதல் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவின் ஒற்றை ஷட்டர் கடை வரை ஆடித் தள்ளுபடிப் பலகை இல்லாத ஜவுளிக்கடை அபூர்வம். அம்மனுக்குரிய மாதத்தை வியாபாரம் விழுங்கிவிட்டது என்று பக்தியுள்ளவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பில் பாதிதான் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆடியில் கடைக்குப் போவது பாவமில்லை, மலிவாக வாங்குவதும் பாவமில்லை. விலைக்குறைப்பு என்கிற சாதாரண வணிகக் காரியம் தன்னை அருளாகக் காட்டிக்கொள்கிறதே, அதை ஒரு சமய மனம் ஏற்கலாமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆடி ஏன் கல்யாணம் இல்லாத வெறுமையான மாதம் ஆயிற்று என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஆடி முதல் தேதியில் தட்சிணாயனம் தொடங்குகிறது, தேவர்களுக்கு அது இரவு, அதனால் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் வேண்டாம் என்பார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும், அதனால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்டு. எனக்கு உழவுக் கணக்குதான் பலமாகப் படுகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவன் கையில் இருந்த தானியம் விதையாகவும் கூலியாகவும் போயிருக்கும். தை அறுவடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பணமும் நேரமும் இல்லாத அந்த மாதத்தில் கல்யாணம் வைத்தால் கடன்தான். இல்லாமையை வெட்கப்படாமல் கடப்பதற்குச் சமயம் ஒரு மரியாதையான காரணம் கொடுத்தது. ஜவுளிக்காரரின் கணக்கும் இதை ஒட்டியதே. வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் முடிந்துவிடும். சூரத்திலிருந்து வந்த சிந்தெடிக் புடவை, சென்னிமலைப் போர்வை, கரூர் படுக்கை விரிப்பு என்று விற்காமல் நின்றது கிடங்கை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் காசாக்கினால்தான் தீபாவளிக் கொள்முதலுக்குக் கையில் பணம் புரளும். கல்யாணம் இல்லாத மாதத்தில் யாரும் தானாக வரமாட்டார்கள். விலையைக் குறைத்துக் கூப்பிட வேண்டும். ஆக, கூழும் தள்ளுபடியும் பகையாளிகள் இல்லை, ஒரே இல்லாமையின் வயிற்றில் பிறந்த பிள்ளைகள்.

பிறப்பு ஒன்றாக இருந்தாலும் நடத்தை வேறு. கூழ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தெரு முழுக்க வீடு வீடாகப் போய்க் கேழ்வரகு மாவும் நொய்யும் பணமும் வாங்குகிறார்கள். மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் அண்டாவில் காய்ச்சி, வேப்பிலை கட்டி, அம்மனுக்குப் படைத்துவிட்டு மொண்டு ஊற்றுகிறார்கள். கூடவே முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். தூக்குவாளியோடு வருகிறவரும் சொம்போடு வருகிறவரும் வெறுங்கையோடு வந்து காகிதக் கோப்பையில் குடிக்கிறவரும் ஒரே வரிசை. மூட்டை மாவு கொடுத்தவருக்குக் கெட்டிக் கூழும் ஒன்றும் கொடுக்காதவருக்கு நீர்க்கூழும் ஊற்றுகிற வழக்கம் எங்கும் கிடையாது. வழியோடு போகிறவரையும் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். முக்கியமானது, அந்தக் கூழுக்கு முன்விலை ஒன்று இல்லை. இவ்வளவு பெறுமானமுள்ளதை உனக்குச் சும்மா தந்தேன் என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

தள்ளுபடிக்கோ முன்விலை இல்லாமல் உயிரே இல்லை. 1,200 என்று அச்சடித்து, அதன் மேல் ஒரு கோடு இழுத்து, கீழே 600 என்று எழுத வேண்டும். அடித்த எண் கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்; அதை முழுக்க அழித்துவிட்டு 600 என்று மட்டும் போட்டால் அது வெறும் விலை, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்னும்போது, நிறைய வாங்க முடிகிறவருக்கே நிறையக் கிடைக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதவருக்குப் பாதி விலையும் முழு விலையும் ஒன்றுதான். இதெல்லாம் வணிகத்தின் இயல்பு. அதற்காகக் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் விளம்பரம் வணிகம் போலப் பேசுவதில்லை. அள்ளிச் செல்லுங்கள் என்கிறது. அம்மன் படத்தின் கீழே சதவீதக் கணக்கை அச்சடிக்கிறது. வாங்கியவரும் கட்டைப்பையோடு வெளியே வரும்போது 600 ரூபாய் செலவழித்தோம் என்று நினைப்பதில்லை, 600 ரூபாய் கிடைத்தது என்று நினைக்கிறார். உழைக்காமல், தகுதி பார்க்காமல் தன்மேல் பொழிந்தது என்கிற அந்தப் பூரிப்பு கோயிலில் ஏற்பட வேண்டியது. அதைக் கடை கல்லாப்பெட்டி அருகே உண்டாக்கிவிடுகிறது.

வணிகத்துக்கும் அருளுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதற்கு இதே வட்டாரத்தில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. ராமானுஜர் குருவாக மதித்தவர், வணிகர் குலத்தவர் என்று வைணவ மரபு சொல்கிறது. நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சி வரதராஜருக்குக் கொண்டுபோனவர், பிறகு பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதையே தொண்டாகக் கொண்டவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது நம்பிக்கை. இத்தனை காலம் வீசியதற்கு எனக்கு மோட்சம் உண்டா என்று ஒருநாள் நம்பி கேட்டாராம். நீ வீசியதற்கு நான் பேசியது சரியாகிவிட்டது, அதற்குமேல் பாக்கி இல்லை என்ற பொருளில் பெருமாள் பதில் சொன்னாராம். பிறகு நம்பி தான் யாரென்று சொல்லாமல் ஓர் ஆசாரியரிடம் போய்ப் பணிவிடை செய்தார் என்று கதை முடிகிறது. கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போகிற கதைதான். ஆனால் அதற்குள் கறாரான ஒரு கருத்து இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் கடவுளோடு நடந்தாலும் கொடுக்கல் வாங்கல்தான். சரிக்குச் சரியானதும் முடிந்துபோகும். அதில் இழிவு எதுவும் இல்லை, நேர்மையான பரிமாற்றம் அப்படித்தான் முடிய வேண்டும். அருள் என்பது அந்தக் கணக்கேட்டில் பதியப்படாத வேறு காரியம். தன் பக்தனிடமே இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள், கடை வாசலில் மட்டும் குழப்பிக்கொள்வானேன்?

யாரும் ஏமாறவில்லையே என்று ஒருவர் சொல்லலாம். அடித்த விலை ஏற்றி வைத்த விலை என்பது வாங்குகிறவருக்கும் தெரியும்; இரண்டு தரப்பும் அறிந்தே ஆடுகிற விளையாட்டில் பொய் எங்கே இருக்கிறது? இந்த ஆட்சேபத்தை எளிதாகத் தள்ள முடியாது. சந்தையில் பேரம் பேசுகிறவர்களும் நினைத்த விலையை முதலில் சொல்வதில்லை. இருந்தாலும், 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறித்தவக் குழுவினர் இதையே பொய் என்று தீர்மானித்தார்கள். விற்பவர் பெற நினைக்காத விலையைச் சொல்வது வாய்மைக்கு விரோதம் என்று சொல்லித் தங்கள் கடைகளில் ஒரே விலை வைத்தார்கள். பேரத்தில் சாமர்த்தியம் இல்லாத குழந்தையை அனுப்பினாலும் அதே விலை. நமக்கும் இது புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்லும்போது, வாங்கும் இடத்தில் கூடுதலாக எடுப்பதில்லை, விற்கும் இடத்தில் குறைத்துக் கொடுப்பதில்லை என்பதைத்தான் அவர்கள் பெருமையாகச் சொல்கிறது. அந்த அளவுகோலில் வைத்தால் பாதி விலைப் பலகை ஒரு வாக்குமூலம் ஆகிவிடுகிறது: ஆனியில் சொன்ன விலை தவறு, இல்லையென்றால் ஆடியில் சொல்கிற விலை தவறு. பழைய சரக்கு, கரை மங்கியது, ஒரே ஒரு பீஸ்தான் மிச்சம் என்று காரணம் சொல்லிக் குறைத்தால் அது உண்மை விலை. தள்ளுபடிக்கென்றே தனியாக நெய்து இறக்கிய சரக்குக்கு ஒருநாளும் கேட்டிராத முன்விலையை அச்சடித்தால், தெரிந்தே ஆடினாலும் அது பொய்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஏழைகளின் பெயரால் வருவது. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதை வைத்து வீட்டில் எல்லாருக்கும் துணி எடுக்க ஒரு பெண்ணுக்கு ஆடிதான் கைகொடுக்கிறது. அவளிடம் போய்ப் புலனடக்கம், அருள் என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. உண்மை. அவளுக்கு இந்தக் கட்டுரை ஒன்றும் சொல்ல வரவில்லை. மாங்காட்டில் காமாட்சி ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக்கால் விரலில் நின்று தவம் செய்கிறாள். அவளாகத் தேர்ந்து நின்றது, அதனால் தவம். தேர்ந்துகொள்ளாத வறுமையைத் தவம் என்று புகழ்வது கொடுமை. ஆனால் அந்தப் பெண்ணைக் காட்டித் தள்ளுபடியின் மாயத்தை நியாயப்படுத்த முடியாது, ஏனென்றால் அவள் அதில் சிக்குவதே இல்லை. இது துணி தெரிந்த வட்டாரம். ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை 1961-லிருந்து இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்படிப்பட்டவர்கள் கடையில் சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள், ஈர விரலால் தேய்த்துச் சாயம் போகுமா என்று பார்ப்பார்கள், படுக்கை விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். அடித்த விலையை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல், கேட்கிற விலைக்கு இந்தத் துணி தகுமா என்று மட்டும் பார்க்கிற இவர்கள் செய்வது சுத்தமான வணிகம். பொழிந்தது என்று பூரிப்பவர் வேறொருவர்: அலமாரியில் பிரிக்காத போர்வை மூன்று இருக்க, நான்காவதை எடுத்துக்கொண்டு வருகிறவர்.

அருள் என்றால் எங்கிருந்தோ வர வேண்டும். தள்ளுபடியில் குறைந்த அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பூரிப்பு தானாக இறங்கிவிடும். சில சமயம் அது ஏற்றி வைத்த விலையிலிருந்தே வருகிறது, அப்போது யாரும் எதையும் கொடுக்கவில்லை. சில சமயம் நெசவாளரின் கூலியிலிருந்தும் கடையில் நிற்பவரின் காலிலிருந்தும் வருகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம். அதுவரை பல ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்பதே வேலை. அவர்கள் நிற்பதும் தேர்ந்து செய்யும் தவமில்லை. இதற்கு மாறான ஓர் உதாரணம் கோ-ஆப்டெக்ஸ். 1935-ல் தொடங்கிய அந்தக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனம் தீபாவளிக்குத் தரும் 30 சதவீதத் தள்ளுபடிக்கு அரசு மானியம் துணை நிற்கிறது. கைத்தறி விற்க வேண்டும், தறி ஓட வேண்டும் என்பதற்காக நாட்டார் எல்லாரும் சேர்ந்து போடுகிற பணம் அது. கொடுக்கிறவர் யார், எதற்காக என்பது அங்கே மறைவில்லை. கோ-ஆப்டெக்ஸ் கடையில் கூட்டம் குறைவாக இருப்பது வேறு கதை.

கடைசியாக, அம்மனே புடவைப் பிரியைதானே என்று கேட்பார்கள். திருவேற்காட்டுக் கருமாரிக்கு ஆடி வெள்ளிகளில் எத்தனை புடவை வருகிறது! சாத்திய புடவைகளைப் பல கோயில்களில் ஏலம் விடவும் செய்கிறார்கள், அதுவும் விற்பனைதானே? விற்பனைதான், ஆனால் தலைகீழான விற்பனை. கடையில் 400 பெறும் புடவையை அம்மன் உடுத்தியது என்பதற்காக 700 கொடுத்து எடுப்பவர் உண்டு. பெறுமானத்துக்கு மேல் அவர் கொடுத்தது கோயிலுக்குப் போகிறது, அவரும் அதைத் தெரிந்தே தருகிறார். இங்கே கோயில் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது ஓரவஞ்சனை ஆகும். ஆடி வெள்ளியன்று பெரிய கோயில்களில் பொது வரிசை ஒன்றும் கட்டணச் சிறப்பு வரிசை ஒன்றும் ஓடுகின்றன. கடை அருளின் வேஷம் போட்டால், கோயில் கடையின் வேலையைச் செய்கிறது. அந்தக் கட்டணத்தில்தான் அன்னதானமும் திருப்பணியும் நடக்கின்றன என்று பதில் வரும். நடக்கட்டும். அப்படியானால் கட்டணம் கொடுப்பவர் அதே தொகையை உண்டியலில் போட்டுவிட்டுப் பொது வரிசையில் நிற்கலாம். அன்னதானத்துக்கு ஒரு ரூபாயும் குறையாது. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், அவர் வாங்கியது இரண்டு மணி நேரம், கொடுத்தது அதற்கான விலை. திருக்கச்சி நம்பிக்குக் கிடைத்த பதில்தான் அவருக்கும்: பாக்கி ஒன்றுமில்லை.