நன்மை தீமை அறியும் மனம்

இது நன்மை, இது தீமை என்று பிரித்தறியும் உணர்ச்சி மனிதனுக்கு எவ்வாறு உண்டாகிறது? பிறவியிலேயே வருகிறதா? ஓதிக் கொடுப்பதால் வருகிறதா? அல்லது அடிக்குப் பயந்து வருகிறதா? ஆலிம்கள் ஆராய வேண்டிய இக்கேள்வியைக் கடைக்காரராகிய நாம் எடுத்துக்கொண்டதற்கு, நமது கடையில் நடந்த ஒரு சிறு சம்பவமே காரணம்.

மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய சரக்கில் ஒரு டின் எண்ணெய், பில்லில் ஏறாமல் வந்துவிட்டது. ஒன்பது வயது மகன் எண்ணிப் பார்த்து, "அத்தா, ஒரு டின் கூட இருக்கிறதே?" என்றான். "நீ பேசாமல் இரு" என்றோம்.

சில நாள் சென்றது. தோட்டத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், 5 வெள்ளி என்று எண்ணி 50 வெள்ளி நோட்டைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரவில் கணக்கு முடிக்கும்போது விஷயம் தெரிந்தது. "ஏனடா சொல்லவில்லை?" என்று அதட்டினோம். "நீங்கள்தானே அத்தா பேசாமல் இருக்கச் சொன்னீர்கள்?" என்றான். நமக்கு நா எழவில்லை.

ஹலால், ஹராம் எல்லாம் மதரஸாவில் அவனுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பான். ஆனால் ஓதியது நாவில் நின்றது. கண்டதோ நெஞ்சில் இறங்கிவிட்டது. பிள்ளைகளை ஏழு வயதிலேயே தொழுகைக்கு ஏவும்படி மார்க்கம் சொல்கிறது. தொழுகை கடமையாவதோ பருவமடைந்த பின்னர்தான். இடையிலுள்ள ஆண்டுகள் எதற்கு? பழகுவதற்கு. யாரைப் பார்த்துப் பழகுவது? முன்னால் நிற்கும் தகப்பனைப் பார்த்துத்தான்.

பியாஜே என்னும் சுவிஸ் அறிஞர் 1932-ல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. ஒரு பையன் கதவைத் தள்ளும்போது தெரியாமல் 15 கோப்பைகள் உடைந்தன. இன்னொருவன் அலமாரியிலிருந்து ஜாமைத் திருடி எடுக்கும்போது ஒரு கோப்பை உடைந்தது. யார் பெரிய குற்றவாளி? சின்னஞ்சிறு பிள்ளைகளில் பலர், பதினைந்தை உடைத்தவனையே காட்டினார்கள். வயது ஏறிய பிள்ளைகள் திருடப் போனவனைக் காட்டினார்கள். அதாவது, நஷ்டத்தை எண்ணிய மனம் வளர்ந்து, நிய்யத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. நிய்யத்தைப் பற்றிய ஹதீஸையே இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பின் தலைவாயிலில் வைத்தார்கள் என்பது நாம் அறிந்ததே. பெரியவர்களின் அதட்டலால் மட்டும் இவ்வளர்ச்சி வருவதில்லை. சம வயதினரோடு கூடி விளையாடி, விதியைத் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதாலும் வருகிறது என்றும் அவர் கண்டார்.

வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். அதற்கு நம் கெடா மாநிலமே சாட்சி. அக்காலத் தோட்டங்களில் கள்ளுக்கடையும் ஓர் அங்கமாக இருந்தது. உழைத்த கூலியை அங்கே தொலைப்பது தலைமுறை தலைமுறையாக வழக்கமாகி, அது தவறென்ற எண்ணமே பலருக்கு மங்கிப் போயிருந்தது. யுத்தம் முடிந்தபின் 1946-47-ல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. தொழிலாளர்களே தொண்டர்களாகிக் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947-ல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிரும் பலியாயிற்று. பிறர் சொல்லிக் கேட்காத நெஞ்சு, பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவன் சொன்னபோது கேட்டது. அவன் தானும் குடிக்காமல் நின்று காட்டினான் அல்லவா?

ஆனால் குடித்தவர்களைப் படையினர் தண்டித்ததும் உண்டு. படை ஒடுங்கிய பிறகு தோட்டங்களில் கள் மீண்டும் ஓடியது. தடிக்குப் பயந்து விட்டவன் தடி மறைந்ததும் திரும்பிவிடுவான். நெஞ்சறிந்து விட்டவனோ தனியே இருந்தாலும் தொடமாட்டான். பயம் கையைத்தான் தடுக்கும், மனத்தைத் திருப்பாது.

கள் ஹராம் என்று தொட்டிலிலேயே அறிந்தவர்கள் நாம். அதனால் அந்தத் தோட்டத்து மக்களை விட நாம் உயர்ந்துவிட்டோமா? அவர்கள் தம் வழக்கத்தையே எதிர்த்து நின்றார்கள். நாமோ ஒரு டின் எண்ணெய்க்கு முன்னால் நிற்க முடியவில்லை.

மறுநாள் மகனையும் அழைத்துக்கொண்டு மொத்த வியாபாரியிடம் சென்று, டின்னுக்குரிய விலையைக் கொடுத்தோம். அங்கிருந்து நேரே தோட்டத்திற்குப் போய், மூதாட்டியைத் தேடிக் கண்டு, 45 வெள்ளியை மகன் கையாலேயே கொடுக்கச் செய்தோம். திரும்பும் வழியில் அவன், "அத்தா, அந்த டின்னை நாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றான். "ஆமாம், அது என் தவறு" என்றோம். தகப்பன் தன் தவறை ஒப்புக்கொண்டதைப் பிள்ளை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டிருப்பான்.

அன்பர்களே! பிள்ளைகளுக்கு நற்புத்தி சொல்ல நாம் ஒருபோதும் தவறுவதில்லை. ஆனால் அவர்கள் கண்கள் நம் வாயைப் பார்ப்பதில்லை. தராசு முள்ளையும் நம் கையையுமே பார்க்கின்றன. வல்ல நாயன் நம் கையைத் திருத்தி அருள்வானாக!