கைமாறும் தோட்டங்கள், கேட்கப்படாத மக்கள்

கி.மு. 315ஐ ஒட்டி ஏஜியன் கடலின் சிறு தீவுகளைக் கூட்டமைப்பாகச் சேர்த்தவர் அண்டிகோனஸ் என்னும் மாசிடோனியத் தளபதி. சுமார் முப்பது ஆண்டுகளில் அது எகிப்தை ஆண்ட தாலமிகளின் கைக்குப் போனது. பிற்பாடு ரோட்ஸ் அதற்குத் தலைமை ஏற்றது. தாலமிகள் காலத்தில் கூட்டமைப்பின் தலைவரை நியமித்தவர் மன்னர்தான். ஆனாலும் வரிச்சுமையைக் குறைத்ததற்காகத் தீவினர் தாலமிக்கு நன்றி சொல்லிக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்த நன்றி மனமார வந்ததாகவே இருக்கட்டும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

இலங்கை மலையகத்தின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கேள்வி நிற்கிறது. வெள்ளைக்காரக் கம்பனிகளின் கையிலிருந்த தோட்டங்களை அரசு 1975இல் எடுத்து ஜனவசம என்னும் அரச தோட்டச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் கொடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. தோட்டத் துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது. காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நிற்பவர்களும் அவர்கள் படுத்தெழும், லயம் என்னும் வரிசைவீட்டுக் காம்பராவும் மாறவில்லை. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் அன்றாடம் அவர்கள் பேர் விழும். காணி உறுதியில் அந்தப் பேர் இல்லை.

அரசுடைமைக்கு நியாயம் உண்டு. கண்டி ராச்சியத்துக் குடியானவர்களின் மலைநிலத்தை 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி எடுத்துக்கொண்டது காலனி அரசு; அதை நாடு மீட்பது தவறாகாது. தனியார்மயத்துக்கும் நட்டக் கணக்கு காட்டப்பட்டது. இரண்டையும் ஒப்புக்கொண்டாலும் குறை தீராது. காணியோடு சேர்த்து அதில் வாழ்ந்தவர்களையும் கைமாற்றும் உரிமையை அந்த நியாயங்கள் யாருக்கும் தரவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டபோதும் பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும், அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிருந்த அவர்களுக்குச் சொல்லும் இடமே இருக்கவில்லை.

கைமாற்றத்தின் பெரிய தீங்கு பொறுப்பு நழுவிப்போவதுதான். 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. அங்கிருந்தவர்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டியது நிலத்துக்குச் சொந்தமான அரசா, குத்தகைக்கு எடுத்த கம்பனியா? இருவர்மீதும் அந்தக் கடமை முழுதாகவே இருந்தது. இலாபமும் வரியும் யாருக்குப் போகின்றனவோ, லயத்துக்குள் உறங்குபவர்களின் உயிருக்கு அவர்களே பிணை. தோட்டத்தை ஏற்பவர் முந்தியவர் செய்யாமல் விட்ட கடமையையும் சேர்த்தே ஏற்கிறார். ‘அது பழைய நிர்வாகத்து விஷயம்’ என்ற பதிலுக்கு அறத்தில் இடமில்லை.

தோட்டக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. அடுத்த கையெழுத்துக்கு முன் லயத்தில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காணி உறுதி கையில் கிடைத்திருக்க வேண்டும். பேச்சுமேசையில் அவர்கள் தெரிவுசெய்தவர்கள் உட்கார வேண்டும், ஒப்பந்தத்தை மறுக்கும் உரிமையோடு.