குறை என்று சொன்னவர் யார்?

2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஏழைப் பெண்களுக்குக் கட்டணமின்றி மார்பகச் சீரமைப்பு அறுவை செய்யும் திட்டம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தோர்க்கு மட்டுமன்றி, அதன் அளவு குறித்து மனக்குறை உடையோர்க்கும் இது உரியது என்றனர். அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிட்டக்கூடாது என்னும் பொருள்பட அன்றைய நலவாழ்வுத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் வினவினார். அரசின் பணம் உயிர்காக்கும் மருத்துவத்துக்கே செல்ல வேண்டும் என்று மறுத்தோரும் உண்டு.

அந்த விவாதம் ஓய்ந்துவிட்டது. ஆனால் அதனடியில் கிடக்கும் வினா ஓயவில்லை. ஒரு பெண்ணின் உடலில் குறை இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அந்தக் குறையை நீக்க அவள் முன்வரும்போது, அவளுக்கு நாம் கடன்பட்டிருப்பது என்ன?

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அறுவைக்குப் பின் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொள்ளும் பெண்கள் நம் காவிரிப் படுகையின் ஊர்களிலும் இருக்கிறார்கள். இழந்ததை மீளப் பெற விரும்பும் அவர்களின் ஆசையை வீண் பகட்டு என்று யார் சொல்ல முடியும்? திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், தாம் இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், 1958 அக்டோபர் 4 அன்று, இத்தாலிய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடையே உரையாற்றினார். உடலழகை நாடுவதை அவர் பாவம் என்று தள்ளிவிடவில்லை. நோக்கம் நேரியதாக இருக்க வேண்டும். உடல்நலத்துக்குப் பெருங்கேடு நேரக்கூடாது. ஏற்கும் இடருக்குத் தக்க காரணம் வேண்டும் என்பதே அவர் காட்டிய அளவுகோல். அறிவுக்கு உகந்த அளவுகோல் அது. ஆனால் இடர் இன்னதென்று அறியாதவர் அதைக் கொண்டு எதை அளப்பார்?

ஆகவே, அறிய வேண்டியவற்றை முதலில் அறிவோம். சிலிக்கோன் கூழ் நிரப்பிய பையை மார்பகத்துள் வைக்கும் அறுவை முதன்முதலில் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல், பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, அழகுக்காக அதனைப் பொருத்துவதை அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நிறுத்தியது. நோயால் இழந்தோர்க்கு மட்டும் வழி திறந்து வைத்தது. 2006-இல் தடை நீங்கியது. ஆயினும் 2021-இல், மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் விவரக்குறிப்பில் கட்டமிட்டுத் தர வேண்டும் என்றும், பெண் ஒவ்வொரு செய்தியையும் படித்து ஒப்பமிடும் பட்டியல் ஒன்றைத் தர வேண்டும் என்றும் அதே நிர்வாகம் ஆணையிட்டது.

அந்த எச்சரிக்கையின் சாரம் இதுதான்: இப்பை வாழ்நாள் முழுவதும் நிலைப்பதன்று. ஆண்டுகள் கூடக்கூடச் சிக்கல்களும் கூடும். மறு அறுவை தேவைப்படலாம். பையைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு இறுகி வலி தரலாம். புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு பெற்ற மார்பில் இது மிகுதி. பை உள்ளேயே கிழிந்தாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். எனவே ஐந்தாறு ஆண்டுகளில் முதன்முறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை வேண்டும். தாய்ப்பால் ஊட்டுவதற்கு இடையூறு நேரலாம். மேமோகிராம் படத்தில் திசுவின் ஒரு பகுதி மறைபடுவதால், கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டும். அரிதாக, பையைச் சூழ்ந்த திசுவில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதும் உறுதியாகியுள்ளது. சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளோடு அது தொடர்புடையது என்பதால், அத்தகைய ஒரு வகை 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொருளாசையின் இடரும் உண்டு. மருத்துவத்துக்கு உரியதல்லாத தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்ற பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 2010-இல் பிடிபட்டது. அதன் நிறுவனர் 2013-இல் சிறைத்தண்டனை பெற்றார்.

நம் படுகை மக்களுக்கு இதனை விளக்க நெடிய சொற்கள் வேண்டா. வாய்க்காலை ஒருமுறை வெட்டிவிட்டால் போதும் என்று எந்த உழவரும் எண்ணுவதில்லை. மேட்டூர் திறக்கும் முன் ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். இந்த அறுவையும் அத்தகையதே; ஒரு நாளில் முடிவதன்று, தொடர்ந்து பேண வேண்டியது. முதல் அறுவை இலவசம் என்றால் மகிழ்ச்சியே. ஆனால் பின்வரும் பரிசோதனைகளும், பை கிழிந்தால் அதை எடுக்கும் அறுவையும் யார் பொறுப்பு? திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நடவுக் கூலியை விட்டுவிட்டு ஒரு பெண் எத்தனை முறை சென்னைக்குச் சென்று வருவாள்? கத்தி எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. வேறு வழிகளும் உண்டு என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டும். வயிறு அல்லது முதுகுப் பகுதியின் சொந்தத் திசுவைக் கொண்டே சிலர்க்கு மார்பகம் அமைக்கலாம். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் உண்டு. ஒன்றும் செய்யாமல், இருப்பது போலவே இருந்துவிடுவதும் முழுமையான ஒரு தேர்வே.

நம் மண்ணின் இலக்கியம் இங்கு நினைவுக்கு வருகிறது. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் பிறந்த கண்ணகி, அநீதி கண்டு தன் இட மார்பகத்தைத் தானே திருகி எறிந்தாள். காரைக்காலின் புனிதவதியார், கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டா என்று பேயுரு வேண்டிப் பெற்றார். 3-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் மார்பகம் அறுக்கப்பட்ட புனித ஆகத்தம்மாளை நாம் பிப்ரவரி 5-இல் நினைவுகூர்கிறோம். அவருடைய உறுப்பைப் பறித்தோரால் அவருடைய மாண்பைப் பறிக்க இயலவில்லை. இம்மூவரையும் காட்டி, நோயுற்ற ஒரு பெண்ணிடம் 'உனக்கு ஏன் இந்த ஆசை?' என்று கேட்பது கொடுமையாகும். அவர்கள் நமக்குக் கற்பிப்பது வேறு. தம் உடலின் பொருள் இன்னதென்று பிறர் கண்கள் தீர்மானிக்க அவர்கள் விடவில்லை.

அந்தக் கண்கள் யாருடையவை? பெண் பார்க்க வந்த வீட்டில் காதோடு காதாகச் சொல்லப்படும் ஒரு சொல், கணவனின் ஓர் ஏளனம், திரைப்படம் விரிக்கும் ஓர் அளவு, விளம்பரம் விதைக்கும் ஒரு நாணம் ஆகியவை சேர்ந்தே நலமான உடலை நோயுற்றதாக்குகின்றன. பதினெட்டு வயதுப் பெண்ணின் மனத்தில் புகுந்த அந்தச் சொல்லை எந்த மருத்துவரின் கத்தியாலும் அகற்ற முடியாது. அதைச் சொன்ன நாவே அடங்க வேண்டும்.

எனவே இவ்வினாவைப் பெண்களிடம் மட்டும் வைப்பது நேர்மையன்று. அறுவையை நாடும் பெண் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும்: இதை நான் எனக்காக விரும்புகிறேனா, பிறர் வாயை மூடுவதற்காகவா? ஆனால் அவளைச் சூழ்ந்திருக்கும் நாம், கணவராக, தாயாக, மாமியாராக, மருத்துவராக, அதற்கு முன்பே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அவளுக்கு உண்மை முழுவதையும் சொன்னோமா? அவள் எம்முடிவு எடுத்தாலும் அவள் மதிப்புக் குறையாது என்பதை நம் நடத்தையால் காட்டினோமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால், அவள் எடுக்கும் முடிவு எதுவாயினும் அது அவளுடையதாக இருக்கும்.