வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கிராமத்தில் வீடு கட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை பெட்ரூம், அட்டாச்டு பாத்ரூம் உண்டா, கார் நிறுத்த இடம் விட்டாச்சா என்று வரிசையாகக் கேட்கிறோம். அங்கே பொழுதெல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமா ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் பறவை பார்க்கத் திரிந்தவர். இன்ஜினியர் போட்ட பிளானை விரித்துக் காட்டினார். கிழக்கே ரோடு, வாசல், போர்ட்டிகோ, ஹால் எல்லாம் அந்தப் பக்கம். மேற்கே ஏரி, அங்கே இரண்டு பாத்ரூமும் மாடிப்படியும். நத்தைகுத்தி நாரைகள் வந்திறங்கும் திசைக்கு வெண்டிலேட்டர் மட்டும்தான். “மேற்கு வெயில் வறுத்தெடுத்துடும் மாப்ளே, அதான் பாத்ரூமை அங்க தள்ளிட்டார்” என்றார். நம்மூர் வெயிலில் அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது.

அந்தப் பிளான் எனக்கு லுனுகங்காவை நினைவூட்டியது. இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே, ஏரிக்கரையில் இருக்கும் பழைய ரப்பர் தோட்டம் அது. 1948-ல் ஜெஃப்ரி பாவா அதை வாங்கியபோது அவர் கட்டடக் கலைஞர் அல்ல, சட்டம் படித்தவர். நல்ல தோட்டம் ஒன்று போட வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்கான தொழில் கைவசம் இல்லை. லண்டனுக்குப் போய்ப் படித்து 1957-ல், 38 வயதில், கட்டடக் கலைஞரானார். இலங்கையின் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பின்னாளில் வடிவமைத்தவரை அந்தத் தொழிலுக்குள் இழுத்து வந்தது ஒரு தோட்டத்தின் மேல் வந்த பித்து.

அங்கிருந்த பழைய பங்களாவை அவர் இடித்துத் தள்ளவில்லை. வாசலை வேறு பக்கம் திருப்பினார். தெற்கே இருந்த குன்று பார்வையை மறித்தது. அதைச் செதுக்கித் தாழ்த்தியதும் தொலைவில் ஒரு விகாரையின் வெள்ளைத் தூபி தெரிந்தது. குன்றின் மேல் மரத்தடியில் பெரிய ஜாடி ஒன்றை வைத்தார். வீட்டிலிருந்து பார்க்கிறவரின் கண் முதலில் அங்கே போய் நிற்கும், பிறகு தூபிக்குத் தாவும். ஈழத்தலரிக் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவற்றைத் தான் நினைத்த திசையில் வளைத்தார். காலை உணவுக்கு ஓரிடம், மாலைத் தேநீருக்கு வேறோரிடம் என்று தோட்டமெங்கும் இருக்கைகள். பணியாளர்களை அழைக்க ஆங்காங்கே மணிகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை. எந்த மணி ஒலிக்கிறது என்பதை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று பணியாளர்கள் கண்டுகொள்வார்கள்.

இதை ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. பாவா குன்றையே வெட்டியவர். நாமும்தான் ஜேசிபி வைத்து மேட்டைச் சமன் செய்கிறோம். ஆனால் அவர் பார்த்துவிட்டு வெட்டினார். நாம் வெட்டிவிட்டு, பார்க்க ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறோம். அவரிடம் பணம் இருந்தது, ஆள் இருந்தது, 2003-ல் இறக்கும் வரை அரை நூற்றாண்டுக் காலமும் இருந்தது. பென்ஷன் பணத்தில் கட்டுகிறவர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: எந்த நேரத்தில் எங்கே உட்காருவோம் என்பதை முதலில் முடிவு செய்வது. அறைகளின் கணக்கு அதன் பிறகு.

மாமாவிடம் அதைத்தான் கேட்டேன். “பறவை பார்க்கக் காலைதான் நல்ல நேரம். சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கணும், அப்பதான் இறகு நிறம் தெளிவாத் தெரியும்” என்றார். சொல்லிவிட்டு அவரே பிளானைக் குனிந்து பார்த்தார். காலையில் சூரியன் கிழக்கே. மேற்குத் தாழ்வாரத்தில் வீட்டின் நிழலே விழும். வெயில் அந்தப் பக்கம் திரும்பும்போது அவருக்கு அங்கே வேலையே இல்லை. பிற்பகலுக்கு மூங்கில் தட்டியை இறக்கிவிட்டால் போயிற்று. அவருடைய பொழுதுபோக்கு தெரியாத இன்ஜினியருக்கு மேற்கு என்றால் வெறும் வெயில். தெரிந்த மாமாவோ பிளானில் கட்டங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பாத்ரூம்கள் வடக்கே போயின. மேற்கே அகலமான தாழ்வாரம் வந்தது. அதற்கு இடம் வேண்டி போர்ட்டிகோவைச் சுருக்க நேர்ந்ததில் அத்தைக்கு வருத்தம்; ரோட்டிலிருந்து பார்த்தால் வீடு எடுப்பாக இருக்காதாம். உண்மைதான், இருக்காது. ஆனால் ரோட்டில் போகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் மீதி ஆயுளை உள்ளேயிருந்து பார்த்துக் கழிக்கப்போகிறார்கள்.