முதலும் முதலாளியும்

‘முதல்’ என்னும் சொல் தமிழில் தொடக்கத்தையும் குறிக்கும். வாணிகத்தில் இடும் பணத்தையும் குறிக்கும். முதலாளி என்றதும் பணத்தை ஆள்பவர் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆயின், சிறுதொழில் நடத்துவோரின் வாழ்வை உற்று நோக்கினால் மற்றப் பொருளும் அவர்க்குப் பொருந்தக் காணலாம். கடையை முதலில் திறப்பவர் அவர். நட்டத்தை முதலில் தாங்குபவரும் அவரே. ஊதியத்தில் மட்டும் அவர் முறை கடைசியில் வரும்.

நால்வர் பணிபுரியும் சிற்றுண்டிச் சாலையில் தலைமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆள் வராத நாளில் உரிமையாளரே கரண்டி பிடிக்கிறார். அதைக் கண்டவர் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றனர். தொழில் வளர்ந்து நால்வர் நாற்பதின்மர் ஆகும்போதுதான் சோதனை பிறக்கிறது. எல்லாவற்றையும் தாமே பார்க்க முற்படுபவர், எவரையும் நம்பாதவராகிறார். அவர் நிழலில் எவரும் வளர்வதில்லை. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவரோ, தொழிலின் வெம்மையை மறந்துவிடுகிறார். அப்படியாயின், கையால் ஈட்டிய தலைமையைக் கை எட்டாத இடத்தில் எவ்வாறு காப்பது?

மும்பையில் பிறந்த ‘லிஜ்ஜத்’ அப்பள நிறுவனம் இவ்வினாவிற்கு ஒரு விடை தருகிறது. 1959 மார்ச் 15 அன்று, கிர்காம் பகுதிக் குடியிருப்பொன்றின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடினர். அவர்கள் முதல் 80 ரூபாய், அதுவும் கடன். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் தொழில் நின்றது. அடுத்த ஆண்டு கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்து உலர்த்தினர். இத்தகைய அறிவு தொழிலில் கை வைத்தவர்க்கே வாய்க்கும். தொடக்கத்தில் உயர்ந்தது, தாழ்ந்தது என இருவகை அப்பளம் செய்தனர். கடன் தந்து வழிகாட்டிய சகன்லால் கரம்சி பரேக், தரம் ஒன்றே இருக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார். அவர்களும் ஏற்றனர்.

இன்று அதன் உறுப்பினர் நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். காலையில் கிளைக்கு வந்து, முதல் நாள் இட்ட அப்பளத்தைத் தரம் பார்க்கத் தந்து, கூலியும் புதிய மாவும் பெற்று வீடு திரும்புகின்றனர். அவர்கள் வேலையாட்கள் அல்லர்; ஒவ்வொருவரும் உடைமையாளர். இலாபமும் நட்டமும் அனைவர்க்கும் பொது. ஒரு முடிவு தவறென்று கருதினால் அதனை மறுக்கும் உரிமை எந்தச் சகோதரிக்கும் உண்டு. எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

“மனைவியின் நகையை அடகு வைத்துக் கடை தொடங்கியவர் உடைமையை எல்லார்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இடர் ஏற்றவர்க்குப் பெரும்பங்கு உரியது என்பதை அறம் மறுக்காது. ஆனால், பணம் பங்கிடப்படாவிடினும் பங்கிடத்தக்கவை வேறு உள. தொழிலின் உண்மைக் கணக்கு அவற்றுள் ஒன்று. தரம் குறைந்ததைக் கண்டால் “இது வெளியே போகக்கூடாது” என்று கடைநிலை ஊழியரும் சொல்லும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் தராமல் உழைப்பாளரிடம் பொறுப்பை மட்டும் எதிர்பார்ப்பது, விதைக்காத நிலத்தில் கதிர் தேடுவதை ஒக்கும்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ அமைந்துள்ளது. ஆராய்ந்து நம்புதல் முன். வினையை ஒப்படைத்தல் பின். அரசர்க்குச் சொன்ன இம்முறை அப்பளக் கூடத்திற்கும் அச்சுக்கூடத்திற்கும் பொருந்தும். ஒப்படைத்தபின் கையைப் பின்னிழுத்துக் கொள்ளுதல், கரண்டி பிடிப்பதினும் அரிய பயிற்சி. தாம் இல்லாத நாளிலும் கடை நேர்மையாக நடக்குமாயின், அந்த உரிமையாளர் இட்ட முதல் வீண்போகவில்லை எனலாம்.